அப்ளிகேஷன் போட்டாத்தான் சாதனை

மே மாசம் பத்தாவது ரிசல்ட் வந்த மறுநாள் சாத்தூர், சிவகாசி பக்கம் எந்த டவுன் பஸ்ல ஏறினாலும் சரி, ஜன்னல் வழியா ஃப்ளெக்ஸ் பாத்துக்கிட்டே வரலாம். பாஸ்போர்ட் சைஸ் போட்டோவ ஆளுயரத்துக்கு இழுத்து, மூஞ்சியெல்லாம் கட்டங்கட்டமா உடைஞ்சு, கீழ 490, 487, 485ன்னு நம்பர். தாளாளர் போட்டோ பல இடத்துல பிள்ளை போட்டோவ விடப் பெருசா இருக்கும். மாநிலத்துல முதல் மூணு இடம் யாருன்னு அறிவிக்கிறத 2017லயே நிறுத்திட்டாங்க, நல்ல முடிவுதான், ஆனா அரசாங்கம் விட்டாலும் ஊரு விடுமா. ரிசல்ட்னா எங்க விருதுநகர் மாவட்டத்துக்கு ரொம்ப வருஷமா ஒரு பேரு வேற இருக்கு. 2025ல பத்தாம் வகுப்புல மாநிலத் தேர்ச்சி 93.80 சதவீதம், சிவகங்கை முதலிடம், நாங்க ரெண்டாவது. அந்த ஒரு இடம் எப்படிப் போச்சுன்னு டீக்கடையில நடந்த விசாரணை ஒரு கமிஷன் வச்சிருந்தாக்கூட அவ்வளவு கறாரா நடந்திருக்காது.

நான் இந்தப் பக்கத்துல ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில சயின்ஸ் டீச்சர். உயர்நிலைன்னா ஆறுலருந்து பத்து வரைக்கும், அதோட எங்க கதை முடிஞ்சிரும், ப்ளஸ் ஒன்னுக்கு பிள்ளைங்க பஸ் ஏறி டவுன்ல மேல்நிலைப் பள்ளிக்குப் போகணும். அதனால எங்ககிட்ட அஞ்சு வருஷம் இருந்த பிள்ளை பின்னாடி ப்ளஸ் டூல ஸ்கூல் ஃபர்ஸ்ட் வந்தா பேரு வேற ஸ்கூல் போர்டுல வரும். அதுல ஒண்ணும் வருத்தமில்ல (கொஞ்சம் இருக்கு). பெத்தவங்க முக்கால்வாசிப் பேரு பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ் (எங்க பக்கம் ஃபேக்டரிய ஆபீஸ்னுதான் சொல்லுவோம்) வேலைக்குப் போறவங்க, மிச்சம் காட்டு வேலை. பிள்ளைங்களே விடியக்காலையில தீப்பெட்டி ஆபீஸ் பஸ் ஏறிப் போன ஊருங்க இது. அது ரொம்பப் பழைய காலமும் இல்ல, எங்க ஸ்கூல் பிள்ளைங்களோட அம்மாக்கள்ல பல பேரு அந்த பஸ்ல போனவங்கதான்.

இத்தனை வருஷம் பாத்ததுல எனக்கு ஒரு விஷயம் கெட்டியா மனசுல உக்காந்திருச்சு. கிராமத்துப் பள்ளிக்கூடத்துல சாதனைன்னு நீங்க எதச் சொன்னாலும் சரி, மெடலோ ஸ்காலர்ஷிப்போ மெடிக்கல் சீட்டோ, அதுக்குப் பின்னாடி யாரோ ஒருத்தர் சாயங்காலம் எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு உக்காந்து ஒரு ஃபாரத்தச் சரியா நிரப்பியிருப்பாங்க. கெட்டிக்காரப் பிள்ளைங்க எல்லா ஊர்லயும் இருக்கு. ஃபாரம் நிரப்புற ஆளுதான் எல்லா ஊர்லயும் இல்ல.

என்எம்எம்எஸ்னு ஒரு பரீட்சை இருக்கு, எட்டாவது படிக்கிற பிள்ளைங்களுக்கு. தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வுன்னு முழுப்பேரு, பிள்ளைங்க யாரும் அப்படிச் சொல்றதில்ல. 2008லருந்து நடக்குது. இதுல தேறுனா ஒன்பதுலருந்து பன்னெண்டு வரைக்கும் மாசம் 1000 ரூபா, நாலு வருஷத்துக்குக் கூட்டுனா 48,000, நேரா பிள்ளை பேருல இருக்கிற பேங்க் அக்கவுண்டுக்கு. தமிழ்நாட்டுக்கு வருஷத்துக்கு 6,695 இடம். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைங்க மட்டும்தான் எழுத முடியும், வீட்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள்ள இருக்கணும். ரெண்டு பேப்பர், ஒவ்வொண்ணுலயும் 90 கேள்வி, ஒண்ணு சயின்ஸ், சோசியல், கணக்குன்னு பாடத்துலருந்து வரும், இன்னொண்ணு மூளைக்கு வேலை குடுக்கிறது, நம்பர் சீரிஸ், கண்ணாடி பிம்பம், கடிகாரம், கோடிங் மாதிரி. இந்த ரெண்டாவது பேப்பர்லதான் கூத்தே. வகுப்புல வாயத் திறக்காத பிள்ளை, ஏழாம் வாய்ப்பாடு கேட்டா மேல பாக்குற பிள்ளை, இந்த கண்ணாடி பிம்பத்தையும் பகடையையும் சடசடன்னு போட்டுட்டுப் போயிரும். பாடத்துல நல்லா மார்க் வாங்குற பிள்ளை சில நேரம் திணறும். யாரு கெட்டிக்காரப் பிள்ளைன்னு ஸ்டாஃப் ரூம்ல நாங்க போட்டு வச்சிருக்கிற பட்டியல் வருஷா வருஷம் இங்கதான் தலைகீழா மாறும்.

சரி, பிள்ளை ரெடி. இப்ப அப்ளிகேஷன். வருமானச் சான்று வேணும், அதுக்கு இ-சேவையில 60 ரூபா கட்டி அப்ளை பண்ணணும், வி.ஏ.ஓ., ஆர்.ஐ.னு தாண்டி வரணும், நடுவுல நேர்ல வாங்கன்னு கூப்பிட்டா அம்மாவோ அப்பாவோ ஒரு நாள் சம்பளத்த விட்டுட்டுப் போகணும். பட்டாசு ஆபீஸ்ல சீசன் நேரத்துல, அதாவது தீபாவளிக்கு முன்னாடி, ஒரு நாள் லீவு போட்டா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாது, அவங்களுக்குத் தெரியும். அதனால “பரீட்சை எழுதி பாஸானாத்தான காசு, அது கிடைக்குமா கிடைக்காதான்னே தெரியாது, இதுக்குப் போயி ஒரு நாள் கூலிய விடவா டீச்சர்”னு கேப்பாங்க. அந்தக் கேள்வியில தப்பே கிடையாது. அவங்க கணக்கு சரிதான். மாச சம்பளம் வாங்குற நான் உக்காந்துக்கிட்டு விழிப்புணர்வு இல்லன்னு சொல்றது ரொம்ப சுலபம். நாங்க என்ன பண்ணுவோம்னா, ஜூன் மாசமே எட்டாம் வகுப்பு பெத்தவங்கள ஒரு ஞாயித்துக்கிழமை வரச்சொல்லி, எல்லாத்துக்கும் மொத்தமா பேப்பர வாங்கி, பக்கத்துல இருக்கிற இ-சேவைக்கு ஒரு ஆளோட அனுப்பி, ஒரே மூச்சுல போட்டுருவோம். சீசன் சூடு பிடிக்கிறதுக்குள்ள சான்று கையில இருக்கும். எங்க ஸ்கூல்ல என்எம்எம்எஸ் பாஸாகுற எண்ணிக்கை ஏறுனதுக்கு என்னோட கோச்சிங்தான் காரணம்னு எச்.எம். மேடையில சொல்லுவாங்க. எனக்குக் கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா அந்த ஞாயித்துக்கிழமைதான் காரணம்.

அப்புறம் பேரு. தமிழ்நாட்டுல இனிஷியல் படுத்துற பாடு இருக்கே. ஸ்கூல் ரெக்கார்டுல இனிஷியல் முன்னாடி இருக்கும், ஆதார்ல பின்னாடி இருக்கும், பேங்க் பாஸ்புக்ல அப்பா பேரு முழுசா வந்து பிள்ளை பேரே சுருங்கிப் போயிருக்கும். தமிழ்ல ஒரே பேருதான், இங்கிலீஷ்ல எழுதும்போது ஒரு எழுத்து கூடும் ஒரு எழுத்து குறையும். பாஸானதோட முடியாது, தேசிய ஸ்காலர்ஷிப் போர்ட்டல்ல முதல் வருஷம் புதுசா பதியணும், அப்புறம் ஒவ்வொரு வருஷமும் ரின்யூவல், பள்ளிக்கூடம் சரிபார்த்து மேல அனுப்பணும். ஒரு வருஷம் ரின்யூவல் விட்டா அந்த வருஷக் காசு போச்சு. பத்தாவதுல 60 சதவீதம் எடுக்கணும், எஸ்சி, எஸ்டி பிள்ளைங்களுக்கு 55, இல்லன்னா ப்ளஸ் ஒன்ல நின்னுரும். பிரைவேட் ஸ்கூலுக்கு மாறுனாலும் நின்னுரும். எங்கள மாதிரி உயர்நிலைப் பள்ளிக்கு இதுல இன்னொரு சிக்கல், பிள்ளை பாதியில எங்கள விட்டு டவுன் ஸ்கூலுக்குப் போகுது, அங்க ப்ளஸ் ஒன்ல இருக்கிற கூட்டத்துல எந்தப் பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப் ஓடிக்கிட்டு இருக்குன்னு யாருக்குத் தெரியும். எங்க ஸ்கூல்ல கணக்கு சார் ஒருத்தர் இருக்காரு, ஒரு நீளமான நோட்டு வச்சிருக்காரு, பாஸான பிள்ளை பேரு, இப்ப எந்த ஸ்கூல், எந்த போன் நம்பர், இந்த வருஷம் ரின்யூவல் ஆச்சா இல்லையா. டிசி வாங்கிப் போன பிள்ளைக்கு இவரு போன் போட்டு ஞாபகப்படுத்துவாரு. இது அவரு வேலை கிடையாது. கேட்டா, “காசு அது பாட்டுக்கு அங்க கிடக்குல்ல டீச்சர், ஒரு போன் போட்டா என்ன”ன்னுவாரு.

மாசம் 1000 ரூபாய வச்சு என்ன ஆகப்போகுதுன்னு டவுன்ல இருக்கிற என் தம்பி கேட்டான். எட்டாவது முடிச்ச ஒரு பொண்ணு சனிக்கிழமை வேலைக்குப் போறத நிறுத்துச்சு. அவங்க அம்மா கணக்குப் போட்டுப் பாத்து, பிள்ளை வேலைக்குப் போனா வர்றதும் இதுவும் ஏறக்குறைய ஒண்ணுதான்னு சொல்லி விட்டுட்டாங்க. இப்ப அந்தப் பொண்ணு ப்ளஸ் டூ பயாலஜி குரூப்.

விளையாட்டுப் பக்கம் வந்தா பி.டி. சார் கதை. எங்க கிரவுண்டு செம்மண், ஒரு பக்கம் சரிவா இருக்கும், மழை பேஞ்சா கோ-கோ கம்பம் நடுக்குளத்துல நிக்கும். முதல்ல குறுவட்டப் போட்டி, அதுல ஜெயிச்சா வருவாய் மாவட்டம், அதுக்கு மேல மாநிலம். பாரதியார் தினப் போட்டி, குடியரசு தினப் போட்டின்னு பேருல நடக்கிறது இதுதான். 14 வயசு, 17 வயசு, 19 வயசுன்னு பிரிவு, ஆளுக்கு ஒரு என்ட்ரி ஃபாரம், போட்டோ, பிறந்த தேதிக்கு ஆதாரம், எச்.எம். கையெழுத்து. ஒரு சீல் விட்டுப்போனா பிள்ளை மைதானத்து ஓரமா உக்காந்து வேடிக்கை பாத்துட்டுத்தான் வரணும். பொம்பளப் பிள்ளைன்னா வீட்டுல சம்மதக் கடிதம் வேணும். அந்தக் கடிதத்துக்காக பி.டி. சார் டிவிஎஸ் எக்ஸ்எல்ல தெருத்தெருவா போறத நான் பாத்திருக்கேன், ரன்னிங் கத்துக் குடுக்கிறத விட இதுக்குத்தான் அவரு அதிகம் ஓடியிருப்பாரு.

ஒம்பதாவது படிச்ச ஒரு பொண்ணு, 1500 மீட்டர் வெறுங்கால்ல ஓடி குறுவட்டத்துல ரெண்டாவதா வந்துச்சு. மறுநாள் ப்ரேயர்ல கைதட்டு, எச்.எம். பேனா பரிசு, எல்லாம் நடந்துச்சு. சாயங்காலம் அதோட ஆச்சி கேட்டுக்கிட்டு வந்து நிக்கிறாக, “ஏ டீச்சரு, இம்புட்டுத் தூரம் ஓடியிருக்கா, என்னத்தக் குடுத்தாக?” சர்டிபிகேட் குடுத்தாங்க ஆச்சின்னேன். வாங்கிப் பாத்தாக. “காயிதமா”ன்னுட்டுப் போயிட்டாக. எனக்குச் சிரிப்பு அடங்கல. பி.டி. சார் மட்டும் சிரிக்கல, அந்தக் காயிதத்த லேமினேட் பண்ணக்கூடாதுன்னு பிள்ளைக்குச் சொல்லி, ஜெராக்ஸ் எடுத்து ஒண்ணத் தன் பீரோவுல வச்சுக்கிட்டாரு. விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தோட விளையாட்டு விடுதிக்கு ஏழு, எட்டு, ஒம்பது, பதினொண்ணு சேர்றவங்களுக்குத்தான் தேர்வு, அதுக்கு ஆன்லைன்ல அப்ளிகேஷன் போடணும், அப்பக் கேப்பாங்கன்னு அவருக்குத் தெரியும். பொண்ணு அடுத்த வருஷம் பத்தாவதுங்கிறதால ப்ளஸ் ஒன் வரைக்கும் காத்திருந்தாங்க. அதுக்குள்ள வீட்டுல என்ன முடிவு எடுத்தாங்கங்கிறது வேற கதை, அத இங்க எழுத எனக்கு உரிமை இல்ல.

இன்ஸ்பயர் விருது பத்திச் சுருக்கமா சொல்லிடுறேன், ஏன்னா எனக்கே அதுல கொஞ்சம் கோபம் இருக்கு. ஆறுலருந்து பன்னெண்டு வரைக்கும் பிள்ளைங்க தங்களோட சொந்த அறிவியல் ஐடியாவ அனுப்பணும், தேர்வானா மாடல் செய்ய 10,000 ரூபா அக்கவுண்டுக்கு வரும், மாவட்டக் கண்காட்சியில வைக்கணும். திட்டம் அருமை. ஆனா எந்த மாவட்டக் கண்காட்சிக்குப் போனாலும் சரி, கண் தெரியாதவங்களுக்கு சென்சார் வச்ச குச்சி நாலு, தண்ணித் தொட்டி நிறைஞ்சா கத்துற அலாரம் அஞ்சு, ஹெல்மெட் போட்டாத்தான் ஸ்டார்ட் ஆகுற வண்டி ரெண்டு. எல்லாம் கடையில கிட்டா விக்குது. பிள்ளைங்க கிட்ட ஐடியா இல்லன்னு சொல்லாதீங்க, பட்டாசு ஆபீஸ்ல அம்மாவுக்கு கழுத்து ஏன் வலிக்குதுன்னு எங்க எட்டாவது பிள்ளைங்க வரைஞ்சு காட்டுன உக்கார்ற பலகை டிசைன் எந்த கண்காட்சிக்கும் போகல, ஏன்னா பெரியவங்க கண்ணுக்கு அதுல லைட் எரியல.

இப்ப பத்தாவது. இங்க ஃபாரம்னா பெயர்ப் பட்டியல். நாமினல் ரோல்னு சொல்லுவோம். அதுல பேரு, இனிஷியல், பிறந்த தேதி எப்படிப் போகுதோ அப்படியே மார்க் ஷீட்ல வரும், மார்க் ஷீட்ல வந்தது ஆயுசுக்கும் கூட வரும், பாஸ்போர்ட் எடுக்கப் போனாலும் அதத்தான் கேப்பாங்க. அதனால டிசம்பர், ஜனவரியில ஸ்டாஃப் ரூம்ல நாலு பேரு உக்காந்து பிள்ளையவே நேர்ல நிக்க வச்சு, வாய்விட்டு எழுத்துக்கூட்டச் சொல்லி சரிபார்ப்போம். பெத்தவங்க கிட்ட கையெழுத்து வாங்குவோம். போன் நம்பர் சரியான்னு கூப்பிட்டுப் பாப்போம், ஏன்னா ரிசல்ட் மெசேஜ் அந்த நம்பருக்குத்தான் போகும், ரீசார்ஜ் பண்ணாம போன நம்பர் இந்நேரம் வேற யாரு கையிலயாவது இருக்கும்.

இந்தப் பட்டியல் எவ்வளவு பெரிய விஷயம்னு ஊருக்கே தெரிஞ்சது 2023 மார்ச்சுல. ப்ளஸ் டூ முதல் பரீட்சை, தமிழ்த்தாள், 50 ஆயிரம் பேருக்கு மேல வரல. பேப்பர்ல, டிவியில எல்லாம் அதுதான் ஓடுச்சு. பட்டியல்ல பேரு இருக்கு, வகுப்புல பிள்ளை இல்ல. அதுல எத்தனையோ பிள்ளைங்க மாசக்கணக்கா ஸ்கூல் பக்கமே வராதவங்க. எங்களுக்கு அது ப்ளஸ் டூ சமாச்சாரம்தான், இருந்தாலும் அன்னிக்கு ஸ்டாஃப் ரூம்ல யாரும் அதிகம் பேசல, அந்தக் கூட்டத்துல எங்ககிட்ட பத்தாவது முடிச்சவங்க எத்தனை பேருன்னு ஒவ்வொருத்தரும் மனசுக்குள்ள எண்ணிக்கிட்டுத்தான் இருந்தோம்.

அதனால நூறு சதவீதத் தேர்ச்சின்னு ஃப்ளெக்ஸ் பாத்தா நான் உடனே கைதட்ட மாட்டேன். கஷ்டப்பட்டு உண்மையா எடுக்கிற ஸ்கூல் நிறைய இருக்கு, எங்க பக்கத்துலயே இருக்கு. ஆனா ஒம்பதாவதுல எத்தனை பிள்ளை இருந்துச்சு, பத்தாவது எழுத எத்தனை பிள்ளை வந்துச்சுன்னு கேட்டுட்டுத்தான் கைதட்டணும். படிப்பு வராத பிள்ளையக் கூப்பிட்டு “டிசி வாங்கிட்டுப் போயி வேற எங்கயாவது சேருப்பா”ன்னு ஒன்பதாவதோட தள்ளி விட்டா நூறு என்ன, எத்தனை வேணாலும் எடுக்கலாம். எங்களுக்கு ஒரு வருஷம் நூறு வரல, ஒரே ஒரு பையன் கணக்குல போயிட்டான். மத்தவங்க எல்லாரும் பாஸ், அவன் மட்டும். அவன ஒம்பதாவதுலயே அனுப்பியிருக்கலாம்னு ஒரு பெரிய மனுசர் எங்ககிட்டயே வந்து சொன்னாரு. நாங்க பதில் சொல்லல, கணக்கு சார் அன்னிக்கு மத்தியானமே அவன் வீட்டுக்குப் போயி, துணைத் தேர்வுக்கு ஃபீஸ் கட்ட கடைசித் தேதி எப்பன்னு சொல்லி, ஃபாரத்தையும் அங்கயே வச்சு நிரப்பிக் கையெழுத்து வாங்கிட்டு வந்தாரு. ரிசல்ட் வந்து கொஞ்ச நாள்லயே அந்தத் தேதி முடிஞ்சிரும், ஃபெயிலான பிள்ளை அந்த நேரத்துல யாரு கண்ணுலயும் படாம இருக்கும், அவமானத்துல சொந்தக்காரங்க ஊருக்குப் போயிரும், இல்லன்னா நேரா வேலைக்குப் போயிரும். வேலைக்குப் போயி முதல் வாரச் சம்பளம் கையில வாங்கிட்டா அப்புறம் திரும்பக் கூட்டிட்டு வர்றது ரொம்பக் கஷ்டம். இவன் எழுதுனான், 41 மார்க். ஐடிஐ சேந்தான். அந்த 41க்கு ஃப்ளெக்ஸ் கிடையாது, சரிதான், அவனும் கேக்கல.

ஆறாவது சேர்க்க வர்ற பெத்தவங்க கிட்ட நான் தவறாம ஒண்ணு சொல்லுவேன், இதப் படிக்கிறவங்க தெரிஞ்சவங்களுக்குச் சொன்னாலும் நல்லது. 2020ல அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு மெடிக்கல் சீட்ல 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு வந்துச்சு, அடுத்த வருஷம் இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை, சட்டப் படிப்புக்கும் வந்துச்சு. 2022ல பொண்ணுங்களுக்குப் புதுமைப் பெண், 2024ல பையங்களுக்குத் தமிழ்ப் புதல்வன், காலேஜ் படிக்கும்போது மாசம் 1000 ரூபா. இது எல்லாத்துக்கும் ஆறுலருந்து பன்னெண்டு வரைக்கும் எங்க படிச்சதுன்னுதான் முதல் கேள்வி. நடுவுல ஒரு வருஷம் இங்கிலீஷ் மீடியம் ஆசையில காசு கட்டி பிரைவேட்ல போட்டு, ஃபீஸ் கட்ட முடியாம திரும்பக் கொண்டுவந்து விட்டா, அந்த ஒரு வருஷம் பின்னாடி வந்து கதவடைக்கும். இத ப்ளஸ் டூ முடிச்ச பிறகு தெரிஞ்சுக்கிட்டு அழுற பெத்தவங்களப் பாக்கிறது எனக்கு ஆகாது.

பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குரூப் ஒண்ணு இருக்கு எங்க ஸ்கூலுக்கு. திருப்பூர், சென்னை, சவுதின்னு எல்லா இடத்துலயும் ஆளுங்க. நல்ல மனசுக்காரங்க. வருஷா வருஷம் ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாளுக்கு, காமராஜர் பிறந்த மாவட்டம்கிறதால இங்க அது கொஞ்சம் விசேஷம், ஷீல்டு வாங்கித் தர்றோம், முதல் மார்க் எடுத்தவங்க பேரு எழுத கிரானைட்ல போர்டு வச்சுத் தர்றோம்னு கேப்பாங்க. போன வருஷம் குரூப்ல நான் ஒரு மெசேஜ் போட்டேன். போர்டு இருக்கு தம்பிங்களா, ஆயுத பூஜை லீவுக்கு ஊருக்கு வர்றவங்க ஒரு லேப்டாப்பும் நெட்டும் எடுத்துக்கிட்டு ஒரு நாள் ஸ்கூலுக்கு வாங்க, ஸ்காலர்ஷிப் ரின்யூவல் பாக்கி கிடக்குன்னு.

ரெண்டு பேரு வந்தாங்க. ஒருத்தன் சென்னையில ஐடி கம்பெனி, வந்த அரை மணி நேரத்துல ஏதோ எக்செல் போட்டு கணக்கு சாரோட நோட்டையே கம்ப்யூட்டர்ல ஏத்திட்டான். இன்னொருத்தன் திருப்பூர்ல தையல் யூனிட் வச்சிருக்கான், அவனுக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவா வராது, ஆனா போன்ல பேசத் தெரியும், பிள்ளைங்க வீட்டுக்கெல்லாம் கூப்பிட்டு “அக்கா, நான் இன்னார் மகன் பேசுறேன், பிள்ளை ஆதார எடுத்துக்கிட்டு இப்பவே ஸ்கூலுக்கு வாங்க, நான் இருக்கேன்”னு சொல்லிச் சொல்லி சாயங்காலத்துக்குள்ள முக்கால்வாசிப் பேர வரவச்சுட்டான். நாங்க கூப்பிட்டா அப்படி வரமாட்டாங்க, டீச்சர் கூப்பிட்டா எதுவோ புகார்னு நினைப்பாங்க. இந்த வருஷமும் வர்றேன்னிருக்கான், கூட ரெண்டு பேரக் கூட்டிட்டு வர்றானாம். கிரானைட் போர்டு ஐடியாவ குரூப்ல இன்னும் சில பேரு விடல, அதுக்கு கலெக்‌ஷன் தனியா நடந்துக்கிட்டுதான் இருக்கு.